அம்மாவின் முழங்காலும் விமான நிலையச் சோதனையும்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் போன முதல் விமானப் பயணம் அது. மெதுவாக நடந்துவிடுவார், நிற்பதுதான் கஷ்டம். செக்யூரிட்டி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று ஒருவழியாக முன்னால் வந்ததும், கைத்தடியை வாங்கி எக்ஸ்ரே பெல்ட்டில் போட்டுவிட்டார்கள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்டினார். அது கத்தியது. திரும்பிப் போய் மறுபடி வரச் சொன்னார்கள். மறுபடியும் கத்தியது. கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். மூன்றாவது தடவையும் கத்தியது.

நான் பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தேன். "முழங்காலில் உலோகம் இருக்கிறது, ஆபரேஷன் பண்ணியிருக்கிறார்கள்" என்று சத்தமாகச் சொன்னேன். இருக்கும் இடத்திலேயே நிற்கும்படி சைகை வந்தது. அம்மாவை ஓரமாக அழைத்துப் போய், கைகளை இரண்டு பக்கமும் நீட்டி நிற்கச் சொல்லி, எல்லார் கண் முன்னாலும் தடவிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அம்மாவின் கால் நடுங்கியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. முடிந்ததும் தலையை அசைத்துப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். கைத்தடி பெல்ட்டின் மறுகோடியில் கிடந்தது. அதை எடுத்துத் தர ஆள் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. அம்மா எந்தத் தப்பும் பண்ணவில்லை. அவர் முழங்காலில் இருக்கும் டைட்டானியமும் கோபால்ட்-குரோமியக் கலவையும் தன் வேலையைச் செய்தன. டிடெக்டரும் தன் வேலையைச் செய்தது. அதை அவருக்கு இரண்டு வாக்கியத்தில் எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எனக்கும் அன்று அது தெரியாது. தெரிந்திருந்தால் அவரை அந்த வாசலுக்கே அனுப்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு இந்தச் சோதனையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். விமான நிலைய எக்ஸ்ரே திரையின் முன் சில ஆண்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்த நண்பர் ஒருவரிடமும் துருவித் துருவிக் கேட்டேன். நானும் அடிக்கடி பயணம் போகிறவன். என் பையைத் தனியாக இழுத்து வைத்துத் திறந்து பார்த்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஒவ்வொரு முறையும் கோபம் வந்தது. காரணங்கள் தெரிய ஆரம்பித்த பிறகு கோபம் பாதியானது, பையும் ஒழுங்கானது. மீதிப் பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. அது நியாயமானது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அம்மா விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் மூட்டு மாற்றியவர்கள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள்.

வாசல் மாதிரி நிற்கும் மெட்டல் டிடெக்டர், காந்தப்புலத்தை வைத்து வேலை செய்கிறது. உலோகம் சட்டைப் பையில் இருக்கிறதா, எலும்புக்குள் இருக்கிறதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் மூட்டு மாற்றியவர்கள் எத்தனை தடவை போய் வந்தாலும் பெரும்பாலும் அது கத்திக்கொண்டேதான் இருக்கும். பாடி ஸ்கேனர் வேறு வகை. கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும், உள்ளே போய்க் கைகளைத் தூக்கி இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். இன்று பரவலாக இருப்பது மில்லிமீட்டர் அலையில் இயங்குவது. அந்த அலை துணியைத் தாண்டிப் போகும், தோலில் பட்டுத் திரும்பிவிடும். உடலுக்குள் இருக்கும் மூட்டு அதன் கண்ணுக்கே படாது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இல்லை. ஆகவே மூட்டு மாற்றியவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், "பாடி ஸ்கேனர் இருக்கும் வரிசை எது?" என்று கேட்டு அங்கே போவது. இந்த ஒரு வரி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அம்மா அழுதிருக்க மாட்டார்.

எல்லா இடத்திலும் அந்த ஸ்கேனர் கிடையாது என்பதும் உண்மை. இல்லாத இடத்தில், வாசலைத் தாண்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கத்திய பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி கேட்கும். முன்பே சொன்னால் அது தகவல். மூட்டு மாற்றியதற்கு டாக்டர் கொடுத்த அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அட்டையைக் காட்டினால் சோதனை இல்லாமல் விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது விளக்கும் நேரத்தை மட்டும் குறைக்கும். அப்புறம், தடவிப் பார்ப்பதைத் தனி அறையில் வைத்துக்கொள்ளலாமா, உட்கார நாற்காலி கிடைக்குமா, கூட வந்தவர் பக்கத்தில் இருக்கலாமா என்று மூன்றையும் கேளுங்கள். பெண்களைப் பெண் அலுவலர்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் வழக்கம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. அவர்களாக முன்வந்து சொல்வது குறைவு.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லிவிட்டுத் தயங்கி நிற்காமல் வாசலைக் கடக்கலாம். கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை மட்டும் அந்த இடத்தின் மேல் நெடுநேரம் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் பம்ப், சர்க்கரை அளவை ஓயாமல் காட்டும் சென்சார் போட்டிருப்பவர்கள் அந்தக் கருவியைச் செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். எக்ஸ்ரே பெல்ட்டிலோ பாடி ஸ்கேனரிலோ போகக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பாடி ஸ்கேனரும் பொய்யாகக் குறி காட்டும். வியர்வை, தடித்த மடிப்பு உள்ள உடை, இறுகப் பின்னிய கூந்தல், சட்டைப் பையில் மறந்துபோன ஒரு கைக்குட்டை, இவையெல்லாம் போதும். திரையில் நம் உருவம் தெரியாது, எல்லாருக்கும் பொதுவான ஒரு கோட்டுப் படம்தான் வரும். சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு கட்டம் விழும். 2009 டிசம்பர் 25-ல் டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிபொருளை மறைத்துக் கொண்டுவந்து வெடிக்க வைக்க முயன்றான். அதற்குப் பிறகுதான் இந்த ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின. ஆரம்பத்தில் வந்தவை உடலின் வடிவத்தை அப்படியே காட்டின. மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். உடலைப் படமாகக் காட்டிய எக்ஸ்ரே வகை ஸ்கேனர்களை அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து 2013-ல் எடுத்துவிட்டார்கள். பயணிகள் வாய் திறந்து கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இதை எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இனி பை. என் பையை ஏன் இத்தனை தடவை இழுத்து வைத்தார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். என்னவெல்லாம் வைப்பாய் என்றார். நான்கைந்து தடித்த புத்தகங்கள், அவற்றின் மேல் சோப்பு டப்பா, அதற்கும் மேல் சார்ஜர்கள், ஒயர்கள், ஹெட்ஃபோன் எல்லாம் ஒரே சுருட்டாக, ஒரு கேமரா. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "திரையில் அது எப்படி இருக்கும் தெரியுமா?" என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.

எக்ஸ்ரே திரையில் பொருள்கள் நிறம் பிரிந்து தெரியும். உணவு, காகிதம், துணி, சோப்பு, பிளாஸ்டிக் மாதிரி கரிமப் பொருள்கள் ஆரஞ்சு. இரும்பு, செம்பு போன்ற உலோகம் நீலம். கண்ணாடி மாதிரி நடுவில் இருப்பவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்கு அடர்த்தியாக இருந்தால் கறுப்பு. வெடிபொருள்களும் பெரும்பாலும் கரிமப் பொருள்கள்தான், அதனால் அவையும் ஆரஞ்சில்தான் விழும். என் பையில் புத்தகக் கட்டும் சோப்பும் சேர்ந்து ஒரு பெரிய ஆரஞ்சுக் கட்டியாகத் தெரிந்திருக்கும். அதன் மேல் ஒயரும் பேட்டரியும் படர்ந்து கிடந்திருக்கும். அதைப் பார்த்தவர் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால்தான் தப்பு.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. திரையில் அவ்வப்போது பொய்யான படங்கள் வருமாம். உண்மைப் பைக்குள் துப்பாக்கியோ வெடிகுண்டோ இருப்பது போல மென்பொருளே ஒரு படத்தை நுழைத்துவிடும். திரையைப் பார்ப்பவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று கணக்கு வைத்துக்கொள்ளும். தூங்கி வழியாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது, பிறகு குறைந்தது 10 நிமிடம் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும். அத்தனை கண்ணயர்ச்சி தரும் வேலை அது. பெல்ட் திடீரென்று நின்று, திரைக்குப் பின்னால் இருப்பவர் ஒரே படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் இப்போது எரிச்சல்படுவதில்லை.

அன்றிலிருந்து என் பை மாறிவிட்டது. ஒயர்களும் சார்ஜர்களும் ஒரு தனிச் சின்னப் பையில், வேண்டுமானால் ஒரே இழுப்பில் வெளியே எடுக்கிற மாதிரி மேலே. புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கவாட்டில் பரப்பி வைப்பேன். சோப்பு, சாக்லேட், பாலாடைக்கட்டி மாதிரி கட்டியான பொருள்களைப் புத்தகத்தோடு சேர்ப்பதில்லை. லேப்டாப்பை முதுகுப் பக்க உறையில் தனியாக வைக்கிறேன். லேப்டாப்பை ஏன் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள் என்றால், அதன் பேட்டரியும் போர்டும் அடர்த்தியானவை, கீழே இருப்பதை மறைத்துவிடும். பையைச் சுற்றிச் சுற்றி முப்பரிமாணப் படமாகக் காட்டும் சிடி ஸ்கேனர் வந்துவிட்ட இடங்களில் எடுக்கவே தேவையில்லை. ஒரே பயணத்தில் ஒரு நிலையத்தில் "வெளியே எடு" என்றும் அடுத்ததில் "உள்ளேயே வை" என்றும் அதட்டுவதற்குக் காரணம் இதுதான். இயந்திரம் வேறு, அதனால் விதி வேறு. ஒரு பலகையில் எழுதி மாட்டிவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம் இது. எழுதி மாட்டியிருக்கும் இடங்கள் ரொம்பக் குறைவு.

ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிடி ஸ்கேனரில் ஃபிலிம் போனால் படம் கெட்டுவிடும். ரோல்களைத் தனியாக எடுத்துக் கையால் சோதிக்கக் கேளுங்கள்.

திரவம்தான் அதிகம் சண்டை நடக்கும் இடம். கையில் கொண்டுபோகும் திரவப் பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. எனக்கும் நடந்திருக்கிறது. 150 மில்லி பாட்டில் ஒன்றில் ஷாம்பு அடியில் கொஞ்சம்தான் இருந்தது, 40 மில்லிகூட இருக்காது. எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். "உள்ளே இருப்பது எவ்வளவு என்று பாருங்கள்" என்று வாதாடினேன். அவர்கள் பார்ப்பது பாட்டிலில் அச்சிட்ட அளவைத்தான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு பாட்டிலையும் அளந்துகொண்டிருக்க முடியாது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. பற்பசை, தேன், ஜாம், தலைக்குத் தேய்க்கும் ஜெல், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம்தான்.

இந்த விதி 2006-ல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி, பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பானப் பாட்டில்களில் நிரப்பிய திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதியைப் போலீஸ் முறியடித்ததாக அறிவித்தார்கள். முதல் சில வாரங்கள் கையில் எந்தத் திரவமும் கொண்டுபோக முடியவில்லை. பிறகுதான் 100 மில்லி பாட்டில்கள், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பிடிக்கும் ஒளி ஊடுருவும் பை என்ற கணக்குக்கு வந்தார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தண்ணீரையும் ஆபத்தான திரவத்தையும் நம்பிக்கையாகப் பிரித்துப் பார்க்க முடியாததுதான் அடிப்படைக் காரணம். சிடி ஸ்கேனரால் அடர்த்தியை இன்னும் துல்லியமாக அளக்க முடிகிறது. அதனால்தான் எடின்பரோ, டப்ளின் மாதிரி சில விமான நிலையங்கள் 2025-ல் 2 லிட்டர் வரை அனுமதித்தன.

ஆனால் இதை நம்பி யாரும் பெரிய பாட்டிலோடு கிளம்ப வேண்டாம். 2024-ல் என்ன நடந்தது என்று பாருங்கள்: புது ஸ்கேனர் வைத்து விதியைத் தளர்த்தியிருந்த ஐரோப்பிய நிலையங்களில் செப்டம்பர் 1 முதல் மறுபடியும் 100 மில்லியைக் கொண்டுவந்தார்கள். போகும்போது விட்டதை வரும்போது பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. திரும்பி வரும் விமான நிலையத்தின் விதியும், நடுவில் மாறும் விமான நிலையத்தின் விதியும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கட்ட வேண்டும். நடுவில் மாறும் இடம்தான் ரொம்பப் பேர் ஏமாறுவது. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலை முத்திரையிட்ட பையில் போட்டு ரசீதையும் உள்ளே தெரிகிற மாதிரி வைத்துத் தருவார்கள். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்திருந்தால் அடுத்த சோதனையில் அது போய்விடும்.

குழந்தைக்குப் பால், கைக்குழந்தை உணவு, பயணத்துக்குத் தேவையான மருந்து ஆகியவற்றுக்கு 100 மில்லி கட்டுப்பாடு பெரும்பாலும் கிடையாது. ஆனால் அவற்றைப் பைக்குள் புதைத்து வைக்காமல் வெளியே எடுத்து, "இது மருந்து" என்று நாமே முதலில் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டின் நகலும் கையில் இருந்தால் பேச்சு வளராது. அம்மாவின் மருந்துகளை இப்போது தனியாக ஒரு பையில் போட்டு, சீட்டையும் அதிலேயே வைத்துவிடுகிறேன்.

ஒருமுறை என் கையைத் துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சுற்றிலும் நாலு பேர் வந்து நின்றார்கள். வெடிபொருளின் தடயம் இருக்கிறதாம். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. பையைத் துணிவரைக்கும் பிரித்து, என்னையும் தனியறையில் சோதித்து, அரைமணி நேரம் கழித்து விட்டார்கள். அன்று காலை கிளம்பும் அவசரத்திலும் தொட்டிச் செடிகளுக்கு உரம் போட்டுவிட்டு வந்தது விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. சில உரங்களில் இருக்கும் நைட்ரேட், கிளிசரின் கலந்த கை கிரீம், நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை, இவையெல்லாம் அந்த இயந்திரத்தை ஏமாற்றக்கூடும். கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு அளவையும் அது பிடித்துவிடும். பயண நாளில் உரத்தைத் தொடாதீர்கள், தொட்டால் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலும் பதறாமல், என்ன கேட்கிறார்களோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எந்த ஆத்திரத்திலும் 'பாம்' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். வேடிக்கைக்குச் சொன்னாலும் அது போலீஸ் வரைக்கும் போகும்.

கையைத் துடைப்பதும், எதுவும் கத்தாதபோதே ஓரமாக அழைப்பதும் பல நேரம் குலுக்கல் முறைதான். இயந்திரமே இத்தனை பேருக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுக்கும். இதைத் தெரிந்துகொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் ஒரே மாதிரி தோற்றமும் பெயரும் உள்ளவர்களைத் திரும்பத் திரும்ப ஓரம்கட்டுவதைப் பல பயணிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வலியைக் "குலுக்கல்தான்" என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வராது. அப்படி நடப்பதாகத் தோன்றினால் அங்கேயே சண்டை போடாமல், தேதி, நேரம், எந்த வரிசை, என்ன சொன்னார்கள் என்று உடனே குறித்து வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். நான் அம்மா விஷயத்தில் கொடுத்தேன். மூன்று வாரத்தில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போடப்போவதாகவும் எழுதியிருந்தார்கள்.

பவர் பேங்க் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கையில் கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் அணைக்க ஆள் இருக்கிறது. கீழே சரக்கறையில் கிடையாது. 100 வாட்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பேட்டரியில் மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) கணக்கு மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-ஹவர், தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111, கேட்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் தேய்ந்த பழையதைக் கொண்டுபோகாதீர்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் புறப்பட நின்ற விமானம் ஒன்று எரிந்துபோனது. தலைக்கு மேல் இருக்கும் பெட்டியில் வைத்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் அதை மேலே வைக்காமல் கண் பார்வையில் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன.

செருப்பு, ஷூ விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2001 டிசம்பர் 22-ல் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் வெடிபொருள் வைத்துத் தீக்குச்சி கிழித்தான். சக பயணிகளும் பணியாளர்களும் மடக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2006 முதல் எல்லாரும் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது, 2025 ஜூலையில்தான் கைவிட்டார்கள். மற்ற இடங்களில் இன்னும் கேட்கலாம். கயிறு கட்டாத, உலோகத் தகடு இல்லாத ஷூ போட்டுக்கொண்டால் போதும். வயதானவர்களுக்குக் கழற்றவும் மாட்டவும் உட்கார இடம் வேண்டும். அதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

ட்ரேயில் எதை முதலில் வைப்பது என்பதிலும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே சாவி, கடிகாரம், சில்லறை, பெல்ட், போன் எல்லாவற்றையும் கைப்பையின் ஜிப் போட்ட உறைக்குள் போட்டுவிடுவேன். ட்ரேயில் தனித்தனியாகக் கிடக்கும் பொருள்தான் தொலையும். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் ஒரே உறையில். பெல்ட்டுக்குள் பை நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் ஸ்கேனருக்கு நகர்வேன். முதலில் ஷூ ட்ரே, பிறகு பை, கடைசியில் லேப்டாப். வெளியே வரும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றால் பையையும் லேப்டாப்பையும் வந்தவுடன் எடுத்துவிடலாம். எடுத்ததும் அங்கேயே நின்று அடுக்காமல் பக்கத்து பெஞ்சுக்குப் போய்விடுவேன். பின்னால் வருபவர்கள் நெருக்க மாட்டார்கள், எதையும் மறக்கவும் மாட்டேன். போனிலும் லேப்டாப்பிலும் சார்ஜ் இருக்கட்டும்; இயக்கிக் காட்டச் சொல்வது உண்டு. 1988-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் வெடித்துச் சிதறிய விமானத்தில் குண்டு ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள்தான் இருந்தது, 270 பேர் இறந்தார்கள். மின்சாதனத்தை இத்தனை சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அது ஒரு காரணம்.

இத்தனை காரணமும் தெரிந்த பிறகு சோதனையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு தேதி இருக்கிறது. எனக்கு இருக்கும் குறையெல்லாம், நின்றுகொண்டிருக்கும் மனிதரிடம் அந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை என்பதுதான். "உங்கள் மூட்டில் உலோகம் இருக்கிறது, அதனால் கத்துகிறது, தப்பு எதுவும் இல்லை, உட்காருங்கள்" என்று சொல்ல பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியைப் பயிற்சியிலேயே சேர்க்க வேண்டும் என்று என் புகாரில் எழுதியிருந்தேன்.

போன மாதம் அம்மாவோடு மறுபடி ஒரு பயணம். டிக்கெட் எடுத்த அன்றே வீல்சேர் வேண்டும் என்று பதிவு செய்தோம். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு சொல்லிவிடுவது நல்லது. வீல்சேரைத் தள்ளி வந்தவரே எங்களைத் தனி வரிசைக்கு அழைத்துப் போனார். ஸ்கேனருக்கு முன்பே நான் அட்டையைக் காட்டி, "இரண்டு முழங்காலும் மாற்றியிருக்கிறார், கைகளைத் தூக்கி இரண்டு விநாடி நிற்க முடியும், அதற்கு மேல் முடியாது" என்றேன். அம்மா உள்ளே போய் நின்றார். முழங்கால் பக்கம் ஒன்றும் காட்டவில்லை. இடுப்பருகே மட்டும் ஒரு கட்டம் விழுந்தது, உடையின் மடிப்பு. அங்கே இருந்த பெண் அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. இடுப்புகிட்ட மட்டும் கை வச்சுப் பார்க்கணும், பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெல்ட்டிலிருந்து கைத்தடியை அவரே எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

நான் என் பையை எடுத்துக்கொண்டு வந்தபோது அம்மா எழுந்து நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த கேட்டுடா நமக்கு?" என்றார்.